மஞ்சள் புகையும் நான் போட்ட மனுவும்

என் அருமை அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. நல்ல செய்தி ஏதாவது கிடைத்தால் உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை. நடந்ததையே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் வேலையை ரேவதி எடுத்துக்கொண்டாள். ஆமாம், உன் மகள்தான். மாமா, பெற்ற அப்பாவே, ஊர் ஊராகப் போய்ப் பழைய பட்டுப்புடவைகளை வாங்கி வருகிறார். அவள் சரிகைக் கரையைக் கத்தரித்து எரித்து, சாம்பலை ஆசிட்டில் போட்டு வெள்ளியைப் பிரிக்கிறாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அம்மா செஞ்ச வேலைதானே சித்தி, எனக்கும் கை வந்துடுச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டபோது, "வீட்ல சும்மாதான் இருக்கேன் சார்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வேலைக்குத் தடை வந்துவிடும் என்ற பயத்தில், வாயைத் திறக்காதே என்று என் கையை அழுத்தினாய். நானும் திறக்கவில்லை. அன்று சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா அக்கா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

ரேவதி முதலில் உன்னைப்போலவே கால்வாய்க்கரையில்தான் அடுப்பு வைத்தாள். காலையில் மஞ்சள் புகை கிளம்பியதும் சந்து முழுக்கக் கதவைச் சாத்துவார்கள். கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கும். அந்தப் பக்கம் புல்கூடக் கருகிவிட்டது. எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது. தை மாதம் ரேவதியும் இருமத் தொடங்கினாள். உனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, சும்மா தொண்டையைச் செருமுகிற மாதிரி.

அந்த இருமலைக் கேட்ட அன்றுதான் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. அவர்கள் வந்து அதட்டினால் விட்டுவிடுவாள் என்று நம்பினேன். வந்தார்கள். அடுப்பை உடைத்தார்கள், ஆசிட் கேன்களை வண்டியில் ஏற்றினார்கள். மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இதை விட்டால் வேறு என்ன செய்வது என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நானும் அதை யோசித்திருக்கவில்லை.

மறுவாரமே வேலை வீட்டுக்குள் போய்விட்டது. அந்த ஒரே அறைக்குள். புகை வெளியே தெரியக்கூடாதென்று மாமா ஜன்னலில் தகரம் அடித்துவிட்டார். தண்ணீரைக் கொல்லையில் குழி தோண்டி ஊற்றுகிறார்கள். குழியிலிருந்து பத்தடியில் அடிபம்பு. சந்தே அதில்தான் குடம் நிரப்புகிறது.

நேற்று மத்தியானம் போனேன். கதவைத் திறந்ததும் என் கண் எரிந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரோ மனு போட்டுட்டாங்க சித்தி. வெளியில இருந்தப்போ காத்தாவது வந்துக்கினு இருந்துச்சு. இப்ப மூச்சு முட்டுது. போட்டவங்க நல்லா இருப்பாங்களா?"

"இந்த வேலைய விட்டுடுமா."

"விட்டுட்டு?"

அவளே டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்கும்போது, "பம்புத் தண்ணி கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குது இல்ல?" என்றாள், வேறு யாருடைய தண்ணீரையோ சொல்வதுபோல.

அக்கா, உனக்கு நான் என்ன வாக்குக் கொடுப்பது? அந்த வேலையை நிறுத்திவிடுவேன் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மனு போட்டவள் நான்தான் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுகிறேன். அதனால் புகை குறையாது. என்னை வீட்டுக்குள் விடாமலும் போகலாம். விடாவிட்டால் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். உன் பெண் உள்ளே தனியாக இருமிக்கொண்டிருக்கும்போது நான் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன்.

உன் தங்கச்சி,
ரேவதியின் சித்தி
சாந்தி