அப்ரே என்றால் திற

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? நம் கம்பெனி வெளிநாட்டில் திறந்த இந்தப் புதுத் தையல் ஆலையில் எனக்குத் தனி நாற்காலி, கழுத்தில் விசில்! உன் தங்கை சூப்பர்வைசர் என்று எல்லோரிடமும் சொல்.

ஆனால் ஒரு தொல்லை. என் வரிசைப் பெண்களுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். 'கோர்தா' என்றால் வெட்டுகிறார்கள், 'கோசே' என்றால் தைக்கிறார்கள். எல்லாம் முறைத்துக்கொண்டேதான். அம்மா வயதுக்காரி ஒருத்தி கத்தரிக்கோலை மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். நீ சொல்லிக்கொடுத்தபடிதானே சொல்கிறேன்? சீக்கிரம் பதில் போடு.

உன் செல்ல
வாலு

மார்ச் 14

என் வாலுக்குட்டிக்கு,

அடிப் பாவி! அவர்களை 'வெட்டு, தை' என்று அதட்டுகிறாயே! வீட்டில் நாம் இருவர்தானே என்று 'நீ' போடும் வகையோடு நிறுத்திவிட்டேன். நான் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போய்வந்து சொல்லித்தருவேன். நீ கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு 'அப்ரே' என்பாய், நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன். 'தோப்லா' என்றால் போர்வையை மடிப்பேன். ஒருநாளாவது நீ எழுந்தாயா, சோம்பேறி?

மரியாதைக்கு வழி சுலபம். 'ஆ'வில் முடிந்தால் 'ஏ' ஆக்கு: கோர்தா, கோர்தே. 'ஏ'யில் முடிந்தால் 'ஆ' ஆக்கு: கோசே, கோசா, அப்ரே, அப்ரா. பலரிடம் சொல்வதென்றால் அதோடு ஒரு 'ன்' சேர். ஒழுங்காக நடக்கும் வினைகளுக்கெல்லாம் இதே விதிதான்.

ஒரு வீட்டிலிருந்து ஒருத்தரைத்தான் எடுப்பார்களாம் என்று நீ வந்து சொன்ன அன்று எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்! இப்போது இல்லை. நீ நன்றாக இரு.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

'கோசா' என்றதும் அந்த அம்மாள் சிரித்தேவிட்டாள்! இப்போது எனக்குக் காபி கொண்டுவந்து தருகிறாள். உனக்கொரு நல்ல செய்தி. என் வரிசையில் ஒரு மெஷின் காலி. உனக்காகப் பேசி வைத்திருக்கிறேன், கிளம்பி வா. உன்னை விரட்ட மாட்டேன், பயப்படாதே.

அங்கே நம் பழைய ஆலையில் கட்டிங் மாஸ்டர் என்னைப் பற்றி ஏதாவது உளறினால் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்த ஆளுக்கு என்மேல் எப்போதுமே காட்டம்.

வாலு

ஏப்ரல் 10

தங்கைக்கு,

மாஸ்டர் ஒன்றும் உளறவில்லை. வீட்டுக்கு ஒருத்தர்தான் என்றவள் இப்போது என்னையும் கூப்பிடுகிறாயே என்று நானே போய்க் கேட்டேன். "ரெண்டு பேரையும்தானேம்மா தேர்வுக்குக் கூப்பிட்டோம்? நீ லீவுல இருந்தே. அக்காவுக்கு அவ்வளவு தூரம் போக இஷ்டமில்லைன்னு உன் தங்கச்சிதான் வந்து சொன்னா" என்றார்.

எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். 'எனக்கு வேண்டும்' என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனே! வேறு யாராவது என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். கழுத்தை அறுத்தது நீயாயிற்றே!

அம்மாவிடம் சொல்லவில்லை. இனி அவளுக்கே எழுது, படித்துக் காட்டுகிறேன். எனக்கு எழுத வேண்டாம். உன் வரிசையில் நான் உட்கார மாட்டேன். அந்தப் பெண்களிடம் மட்டும் மரியாதையாகவே பேசு. அதைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

உன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்தபடியே கை எட்டுகிறது. இனி யாரும் 'அப்ரே' சொல்லவும் வேண்டாம், நான் எழவும் வேண்டாம்.