அந்த வழியில் அழைத்துப் போனது நானில்லை

இன்று காலை ஜமுனாமரத்தூரில் வேன் கதவைத் திறந்ததும் ஆட்களுக்கு முன்னால் தைல வாசனை இறங்கியது. முழங்காலுக்குத் தேய்க்கிற பச்சைத் தைலம். அடுத்து ஒரு கைத்தடி தரையைத் தொட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ராஜலட்சுமி அம்மா இறங்கினார். ஏழு வருஷத்தில் முடி முழுக்க வெளுத்திருந்தது. என் முகத்தை உற்றுப் பார்த்து, சுமதிதானே என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வாசனையில் எனக்கு உன் முகம்தான் வந்து நின்றது.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இதை நீ படிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இன்று உன்னைப் பற்றி, நீ இல்லாத இடத்தில், ஒரு பேச்சு நடந்துவிட்டது. உனக்குத் தெரியாமல் பேசினேன் என்று இருக்க வேண்டாம். நடந்ததை உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

சந்தவாசலில் எங்கள் கடை வாசலில் நின்றால் மலை தெரியும். நாற்பது வயதுவரை அதைக் கீழேயிருந்தே பார்த்தவள் நான். மலை பார்க்க வருகிற குழுக்களுக்கு வழிகாட்டப் பெண்களையும் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரர் சிரிக்கச் சிரிக்க, பஸ் ஏறிப் பயிற்சிக்கு வந்தேன். அங்கே கடைசி வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். பயிற்சி கொடுத்தவர் சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஓர் ஓடையைத் தப்பான பக்கம் காட்டினார். நீ எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்தாளு சொல்ற பக்கம் போனா நேரா எங்க மாமியார் வூட்டுக்குத்தான் போவணும்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் இரண்டு பேரையும் எழுப்பி நிற்க வைத்தார்கள். நாம் சிநேகிதிகளானது அப்படித்தான்.

உனக்குக் காடு தெரியும், பட்டணத்து ஆட்களிடம் பேச வராது. எனக்குப் பேச வரும், இரண்டு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது. அதனால் நீ முன்னால் நடந்தாய், நான் கடைசி ஆளாக வந்தேன். நடுவில் பத்துப் பேரோ இருபது பேரோ. சாமைக் கொல்லைகளைத் தாண்டி, மேட்டில் ஏறி, குள்ளர் வீடுகள் என்று சொல்கிற அந்தப் பழைய கல்வீடுகளைக் காட்டி, பிறகு அருவிக்கு இறங்கி, வண்டிப் பாதையில் திரும்ப வேண்டும். வனத்துறை அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிற வழி அதுதான். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டடிக்கு ஒரு படம் எடுப்பார்கள். "இவங்க கால்ல நடக்கல மே, போன்ல நடக்கறாங்க" என்பாய். உங்கள் ஊரில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிற அந்த "மே" எனக்கும் பழகிவிட்டது. சாயங்காலம் குழுவை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு உன் வீட்டு வாசலில் ஒரே பக்கெட் வெந்நீரில் இரண்டு பேரும் காலை விட்டுக்கொண்டு உட்காருவோம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் அண்ணன்கள். அக்காவோ தங்கையோ இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அந்த பக்கெட்டில் கால் வைத்திருக்கும்போது நினைத்துக்கொள்வேன். உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

அந்த ஐப்பசி மாதத்து நாளை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறையாவது உன்னிடம் முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ராஜலட்சுமி அம்மா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். காலையிலிருந்து என்னோடுதான் பேசிக்கொண்டே நடந்தார். கல்வீடுகளைப் பார்த்து முடித்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மூங்கில் ஓடைப் பிரிவுக்கு வந்ததும் நீ நின்றாய். வலது பக்கம் போனால் நம் வழக்கமான பாதை. இடது பக்கம் இறங்கினால் ஓடைக்குள்ளேயே நடந்து பாதி நேரத்தில் ஊருக்கு வந்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் குழுவை அழைத்துப் போகக் கூடாது. பின்னாலிருந்து நான் கத்தினேன், வேண்டாம், வழியாகவே போகலாம் என்று. நீ திரும்பிப் பார்த்து, "மழை புடிக்கறதுக்குள்ள இறங்கிடலாம் வா, நான் பாத்துக்கறேன்" என்றாய். காற்றும் இடியுமாக இருந்ததில் நடுவில் இருந்தவர்களுக்கு, ராஜலட்சுமி அம்மாவுக்கும்தான், யார் எதைச் சொன்னது என்று விளங்கியிருக்காது. பிறகு இறங்கினாய். உன் பின்னால் எல்லாரும் இறங்கினார்கள். கடைசி ஆள் என்ன செய்ய முடியும்? நானும் இறங்கினேன்.

மழை நமக்கு மேலே எங்கேயோ முன்னாடியே பெய்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொடைக்கு வந்தது. ஆளுக்கு ஆள் கை பிடித்துக் கரையேற்றினோம். பதிமூன்று பேர் ஏறிவிட்டார்கள். ராஜலட்சுமி அம்மாவின் கால் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தண்ணீர் அவரைச் சாய்த்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ உன் புடவையை அவிழ்த்து, பாவாடை ஜாக்கெட்டோடு நின்று, அந்தப் புடவையில் தூளி கட்டி அவரைத் தூக்கினாய். ஒரு முனை உன் தோளில், ஒரு முனை என் தோளில். மீதி வழி முழுக்க என் கையெல்லாம் அவர் காலையில் தேய்த்திருந்த தைல வாசனை.

அதுவரை நடந்ததில் எனக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை. மழைக்குப் பயந்து ஒரு வழி தேர்ந்தெடுத்தாய். அது தப்பாகிவிட்டது. இன்னொரு நாள் அதுவே சரியாக இருந்திருக்கும். அந்த அம்மாவை நீ சுமந்து வந்ததைப் பார்த்தவள் நான்.

ஊருக்குள் வந்து அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். இந்த வழியில் கூட்டிக்கொண்டு வந்தது யார் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும்தான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்படித்தான் சொல்ல இருந்தேன், சத்தியமாக. அதற்குள் நீ பேசினாய்.

"சுமதிதான் சார். அதோட ஊரு பஸ்ஸுக்கு நேரமாச்சி, இப்டியே இறங்கலாம்னு அதுதான் சொல்லிச்சி. நான் வேணாம்னு சொன்னேன்."

நான் கத்திய வார்த்தையைக் கூட உன்னுடையதாக எடுத்துக்கொண்டாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்த அம்மாவும் தலையைத் திருப்பிப் பார்த்தார். நீ மட்டும் பார்க்கவில்லை. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாய்.

நான் ஏன் மறுக்கவில்லை என்று பிறகு வீட்டுக்காரர் கேட்டார், அண்ணன்கள் கேட்டார்கள். பயத்தில் வாய் தவறி வந்துவிட்டது, இப்போது திருத்திச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, போனது. அப்போதும் காத்திருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும்போது சொல்வாய் என்று நினைத்தேன். நீ அதே வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டாய். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் கடை வாசலில் நின்று மலையைப் பார்க்கிறவளாகத் திரும்பிப் போனேன். சந்தவாசல் வழியாகப் போகிற வேன்களில் சிலது உன்னிடம்தான் வருகின்றன என்று தெரியும். கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்குகிறவர்கள் உன் பேரைச் சொல்லி, ரொம்ப நல்ல கைடு என்பார்கள். நான் மீதிச் சில்லறை கொடுத்து அனுப்புவேன். ஆளை ஓடையில் தள்ளிய பொம்பளை என்று என்னைக் காட்டி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். பயிற்சியில் சிரித்ததற்கு இரண்டு பேரையும் நிற்க வைத்தார்களே, இதற்கு மட்டும் ஏன் நான் தனியாக நின்றேன் என்று எத்தனையோ தடவை உன்னைக் கேட்டிருக்கிறேன், மனசுக்குள்ளே.

வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாய், இனித் தேறாது என்று தெரிந்ததும் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தலை வாரிவிடச் சொன்னாய், வாரினேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது, உனக்குத் தெரியாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். உன் வீட்டுப் பலாவில் இந்த வருஷம் காய் பிடிக்கவில்லை என்றாய். உன் பெண் நித்யா படிப்பை முடித்துவிட்டு மலைக்கே வந்துவிட்டாள் என்றாய். ஒரு வார்த்தைக்காக நான் பஸ் பிடித்து வந்திருந்தேன். உனக்கும் அது தெரிந்திருந்தது. நான் கிளம்ப எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கடைசி ஆளாத்தான் நடக்கறியா மே?" என்று கேட்டாய்.

நாலு வருஷமாக நான் மலையில் கால் வைக்கவில்லை என்று உனக்குத் தெரியும்.

"நான் எங்க நடக்கறேன்" என்றேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன் காரியம் முடிந்த அடுத்த வருஷம் நித்யா எங்கள் கடைக்கு வந்தாள். நடை அப்படியே உன் நடை. வேறு ரேஞ்சர் வந்திருக்கிறார், மனு எழுதிக் கொடுத்தால் உங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் அத்தை, குழுக்களை எனக்குத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றாள். மனுவை அவளே எழுதினாள். மூன்று தடவை அலைந்தாள். இந்தப் பெண்ணுக்கு நான் வேண்டியிருக்கிறேன் என்று நான் பூரித்துப்போனேன். அன்றிலிருந்து அவள் முன்னால், நான் பின்னால். இரண்டு வருஷம். உன்மேல் இருந்ததை அவளிடம் காட்டக் கூடாது என்று உன்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். ராஜலட்சுமி அம்மா அன்றைக்குப் பார்க்காமல் போன அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "உன்மேல எனக்கு வருத்தமே இல்லம்மா. அவசரத்துல எடுத்த முடிவு, யாருக்கும் நடக்கும். அதைச் சொல்லணும்னுதான் இவ்ளோ நாள் நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

மன்னிப்பு. நான் செய்யாததற்கு, ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்து, தடி ஊன்றி மலையேறிக் கொண்டுவந்த மன்னிப்பு. வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். செத்தவளைப் பற்றி என்ன பேச்சு என்று இருந்திருக்கலாம். நாலடி தள்ளி நித்யா பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அது நான் இல்லீங்க. நான் வேணாம்னு கத்தினேன்."

உன் பேரைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அம்மா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அப்போது நித்யா எழுந்து வந்து முன்னால் நின்றாள்.

"எங்கம்மாங்க. அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. அத்தை மேல பொய் சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுக்குத் தெரியும். நீ சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில், நான் வந்து போன அன்றைக்கே. அவள் அப்பாவுக்கு அப்போது வனத்துறையில் வாச்சர் வேலை நிரந்தரம் ஆகிற நேரமாம். உன் பேர் அடிபட்டிருந்தால் அந்த வேலை போயிருக்குமாம். நீ சொன்னதை நித்யா அப்படியே சொன்னாள்: "சுமதிக்கு வூட்டுக்காரர் கடை கீது, கீழ நெலம் கீது. அது எப்டியும் பொழச்சிக்கும்."

ஈரப் புடவையோடு நின்ற அந்த இரண்டு நிமிஷத்துக்குள் என்னை அளந்து பார்த்து, இவள் தாங்குவாள் என்று முடிவு செய்திருக்கிறாய். ஏன் மே, எனக்குக் கண்ணால் ஒரு ஜாடை காட்டியிருக்கக் கூடாதா? அன்றைக்கு ராத்திரிக்குள் வந்து இதுதான் விஷயம் என்று சொல்லியிருந்தால், நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். அட்டை போனால் போகிறது என்று சிரித்திருப்பேன். நீ பொய் சொன்னது கூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. நான் செய்வேன் என்று நீ நம்பவில்லை. அதுதான். அதைவிட, உண்மையைச் சொல்ல உனக்கு வாய் இருந்திருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை. நான் தலை வாரிவிட்ட கையோடு படியிறங்கிப் போன பிறகு, பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாய்.

அவளும் இரண்டு வருஷம் என் முன்னால் நடந்தாள், வாயைத் திறக்காமல். எனக்காக அலைந்தது பாசம் என்று நினைத்தேனே, அது நீ விட்டுப் போன கணக்கைத் தீர்க்க வந்த அலைச்சல். கோபமா அத்தை என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அழுதாள். நான் சமாதானப்படுத்தவில்லை.

ஆனால் குழு காத்திருந்தது. பதினோரு பேர், அதில் ஒருவர் தடியோடு. நித்யா பையை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு நீங்கள் முன்னால் போங்கள் என்று வழிவிட்டாள். நான் போனேன். மலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் யாருடைய முதுகும் இல்லை. மூங்கில் ஓடைப் பிரிவில் எல்லாரையும் நிறுத்தி, கடைசியில் நிற்கிற நித்யாவுக்கும் கேட்கும்படி, "வலது பக்கமா போறோம். கூட்டிட்டுப் போறது நான்தான், எம்பேரு சுமதி" என்றேன். எதற்கு இதைச் சொல்கிறாள் என்று சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜலட்சுமி அம்மா பார்க்கவில்லை. தடியை ஊன்றி என் பின்னால் வலது பக்கம் திரும்பினார். மதியத்துக்குள் அருவிக்குப் போய்விட்டோம். அவர் நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். மன்னிக்கவில்லை. இனிமேலும் முடியுமா என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது மேட்டுப் பாறையின் இடுக்கில் மலைத்தேனீ புதுசாகக் கூடு கட்டியிருந்ததைப் பார்த்தேன், இரண்டு கை அகலத்துக்கு. பார்த்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம்தான் கோபம் ஞாபகத்துக்கு வந்தது.