பன்னிரண்டாவது ஆள்

குன்றத்தூர்,
10 மார்ச் 2013, ஞாயிறு.

அன்புள்ள குழலிக்கு,

இல்லை, நீ அனுப்பிய பாலிசிப் படிவத்தை நான் கிளையில் கொடுக்கவில்லை. இந்தக் கவரிலேயே திரும்பி வருகிறது. போனில் சொல்லியிருக்கலாம். நீ கெஞ்சுவாய், நான் சரி என்றுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் பயத்துக்குப் பதில். உன் விமலுக்கு வேலை மாறி நீ ஆந்திராவில் தடாவுக்குக் குடிபோனதால் உன் இன்சூரன்ஸ் லைசென்ஸ் செல்லாமல் போகாது. வண்டிக்கு வாங்குவதுபோல் மாநிலம் மாற்றத் தடையில்லாச் சான்று எதுவும் வேண்டாம். நேற்று உன் அதிகாரி வரதராஜுலுவிடம் நேரிலேயே கேட்டேன். சிரித்தார். "லைசென்சு இந்தியா பூரா செல்லும்மா. ஆனா பாலிசி எடுக்கற ஆளு ஒரு எடத்துல, உங்க ஏஜென்ட் கண்ணு ஒரு எடத்துல இருந்தா ஆவாது" என்றார். மாதம் முடிவதற்குள் பன்னிரண்டு பேர் பாலிசியில் சேராவிட்டால் உன் ஏஜென்சி போய்விடும் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

பதினொருவர் ஆகிவிட்டார்கள். பன்னிரண்டாவது சந்தனமாரி.

அவளை உனக்குக் குரலாக மட்டும் தெரியும். ஹாஸ்டலில் நீ காலி செய்த கட்டிலுக்கு வந்தவள். கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் கார் கம்பெனிக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை. உன்னைப்போலவே தலையணையைச் சுவர்ப்பக்கம் போடுகிறாள்.

நீ போனில் அவளிடம் கேட்டுப் படிவத்தில் எழுதிய பதில்களைக் கையெழுத்து வாங்கும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நோய், சிகிச்சை, எல்லாவற்றுக்கும் 'இல்லை'. அந்த இடத்தில் நகத்தைக் கடித்தாள். பத்தாவது படிக்கும்போது காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "அந்தக்கா கேக்கும்போது கம்பெனி பஸ்ஸுலல்லா இருந்தேன். லைன் பிள்ளைய பூரா காதத் தீட்டிக்கிட்டு இருக்காளுவ. எப்படிக்கா சொல்ல" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் உன் உறுதிமொழி. இவரை நேரில் பார்த்தேன், கேள்விகளை விளக்கினேன். கீழே உன் கையெழுத்து.

நாளை அவளுக்கு ஏதாவது ஆனால், அந்த ஒரு 'இல்லை'யைக் காட்டி அவள் அம்மாவை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள். நீ அவ்வளவு யோசித்திருக்க மாட்டாய். குழந்தை ஒரு தோளில், போன் மறு தோளில். மூன்றாம் பக்கத்தில் பால் கறை இருக்கிறது.

பெயர் சொல்லாமல் வரதராஜுலுவிடம் இதையும் கேட்டேன். உண்மையை எழுதினால் டாக்டரிடம் அனுப்பலாம், நாளாகலாம் என்றார். முப்பத்தொன்றைத் தாண்டியும் போகலாம். ஏஜென்சி போனால் போகட்டும். அடுத்த வருடம் மறுபடி பரீட்சை எழுது, நான் கேள்வி கேட்கிறேன். முன்பு இந்த அறையில் கேட்டதுபோல.

இங்கே எல்லாரும் நலம். சமையல் கிளியம்மாள் தினமும் உன்னை விசாரிக்கிறார். "இன்னா, குழலி தெலுங்குல சண்ட போடக் கத்துக்கிச்சா?" சந்தனமாரியோடு போன வாரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். நீ நடந்த பக்கத்தில் நடந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் நீ பஸ் ஏற வேண்டாம். அடுத்த ஞாயிறு எங்கள் இருவருக்கும் விடுமுறை. கோயம்பேட்டில் நெல்லூர் பஸ் பிடித்துத் தடாவில் இறங்குகிறோம். புதுப் படிவம் கொண்டுவருகிறேன். அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேள். நான் குழந்தையோடு வெளியே நிற்கிறேன்.

உன் மகளுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. நானும் அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் வரும் நேரத்துக்குத் தூங்கவைத்துவிடாதே.

உன் பழைய பக்கத்துக் கட்டில்,
சுகப்பிரியா

பி.கு.: கவரை ஒட்டும் முன் கீழே போய், அடுத்த ஞாயிறு எங்கள் இருவருக்கும் சோறு வைக்க வேண்டாம் என்று கிளியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.