என் இடப்பக்கம் நின்று பிடித்தவனுக்கு

மாப்ள,

ஓர் எழுத்தை எழுதி முடிக்கிறவரை நான் மூச்சு விடுவதில்லையாம். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் பிள்ளை நேற்றுத்தான் கண்டுபிடித்தது. "தாத்தா, மூச்சு விட்டுக்கிட்டே எழுதுங்க. இதென்ன சடுகுடுவா?" என்றது. கூட உட்கார்ந்திருந்த கிழவிகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதை நெருங்கும் வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸின் நெற்றியில் 'தேனி' என்று வாசித்துவிட்டு ஏறாமல் நிற்பேன். எனக்குப் போக வேண்டியதில்லை, வாசித்ததே போதும். 'ழு' எழுதும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. இந்தச் சந்தோஷத்தில் முதல் கடிதத்தை யாருக்கு எழுதலாம் என்று யோசித்தேன். உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ இருந்திருந்தாலும் இதை வாசித்திருக்க முடியாது. அதனால் என்ன, எழுதி முடித்துச் சத்தமாக வாசிக்கிறேன்.

நீ எங்கள் ஊருக்கு வந்தது சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய்கூடக் கிடைக்காத நேரம். ஜெயமங்கலத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் பெண் எடுத்து இங்கேயே குடியிருந்தாய். சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போனது என்றார்கள். ஒரு கண் மூடியே இருக்கும். இன்னொன்று வெள்ளை பூத்துத் திறந்தே கிடக்கும். பகலெல்லாம் கயிறு திரிப்பாய். சாயங்காலம் ஆற்று மணலில் நாங்கள் சடுகுடு ஆடும்போது கோட்டோரம் வந்து உட்காருவாய்.

ஒருநாள் ஒருத்தன் பாடிக்கொண்டு வந்து எங்களில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். "ஏலே, அவன் தம் விட்டுட்டான்டா! நடுவுல ஒரு இழுப்பு இழுத்தான்," என்று நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாய். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டான். எங்கள் ஒருவர் காதிலும் அந்த மூச்சு விழவில்லை.

அன்றைக்கே உன்னைப் பிடிக்கிற வரிசையில் சேர்த்தோம். பாடி வருகிறவன் பாட்டை நிறுத்தக் கூடாதே, அவன் வாயே உனக்கு அவனைக் காட்டிக் கொடுத்தது. என் இடது கையை நீ பிடித்திருப்பாய். அவன் நம் மூலைக்குத் திரும்பும் முன்பே ஓர் அழுத்து அழுத்துவாய். நான் காலில் விழுவேன், நீ இடுப்பைக் கட்டுவாய். கயிறு திரித்த கைக்குள் மாட்டியவன் கோட்டுக்குத் திரும்பியதே இல்லை.

நாம் ஜெயிக்க ஜெயிக்க எனக்குச் சந்தேகம் பிடித்தது. "அவனுக்கு ஒத்தக் கண்ணு தெரியும்டா, நடிக்கிறான்," என்று வெளியூர்க்காரர்கள் சொன்னபோது நான்தான் சண்டைக்குப் போனேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் உன் திறந்த கண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது என்னையே பார்ப்பது போல இருந்தது. கொய்யா மரத்தில் பழுத்ததாகப் பார்த்து எப்படிப் பறிக்கிறாய்? வாய்க்கால் மடையை எப்படிச் சரியாகத் தாண்டுகிறாய்? ஒருநாள் பேசிக்கொண்டே வந்தவன், சத்தமில்லாமல் உன் முன்னால் காலை நீட்டினேன். நீ நின்றாய்.

"காலை எடு மச்சான்."

"எப்படித் தெரிஞ்சது?"

"வளவளன்னு வந்தவன் சட்டுனு வாய மூடினா, வேற என்னத்துக்காம்?"

சிரித்தாய். நான் நம்பவில்லை. கண் தெரியாமலே இப்படி ஆட முடியும் என்றால், இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நான் ஆடுவதெல்லாம் என்ன ஆட்டம்? உனக்குக் கண் தெரிந்தால் எனக்கு நிம்மதி. அதுதான் உண்மை.

திருவிழாவில் அக்கரை ஊரோடு சடுகுடு, ஜெயித்த ஊருக்குக் கிடாய். "கண்ணக் கட்டுனாத்தான் ஆட்டம்," என்று அவர்கள் அடம் பிடித்தார்கள்.

"கட்டுங்கப்பா. எனக்கென்ன புதுசா இருட்டவா போகுது?" என்றாய்.

"யாரு கட்டுறது?" என்று கேட்டார் நடுவராக நின்ற பெரியவர்.

"என் மச்சான் கட்டட்டும். அவன் கட்டுனா நான் கேள்வி கேக்க மாட்டேன்."

என் துண்டை நாலாக மடித்து, சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டேன். ஆட்டம் தொடங்கியது. ஒருபக்கம் கொட்டு, ஒருபக்கம் கூட்டத்தின் கூச்சல். அவர்கள் ஆள் தாழ்ந்த குரலில் பாடி வந்தான். உன் கை என் கையை அழுத்தவே இல்லை. அவன் உன் தோளைத் தொட்டுவிட்டுப் போன பிறகுதான் நீ வெறும் காற்றைக் கட்டிப் பிடித்தாய். மறுபடியும் அப்படியே நடந்தது. தோற்றோம்.

"பாத்தீகளா! கட்டுனதும் புடி போச்சு!" என்று ஆடினார்கள் அக்கரைக்காரர்கள்.

"இம்புட்டு நாளா நம்மளையும்ல ஏமாத்தியிருக்கான்," என்றார்கள் நம் ஆட்கள்.

நீ துண்டை அவிழ்த்து, உதறி, மடித்து என் கையில் கொடுத்தாய். அதற்குப் பிறகு மணலுக்கு வரவே இல்லை. 'நான் அப்பவே நினைச்சேன்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு மார்கழிக் காலையில் பனிக்குப் பயந்து காதோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். பின்னால் வந்த மாட்டுவண்டி முதுகில் இடிக்காத குறை. "எத்தனவாட்டி கத்துறது? காதுல பஞ்சா வச்சிருக்க?" என்றான் வண்டிக்காரன். அங்கேயே நின்றுவிட்டேன். வயலுக்குப் போகாமல் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கயிறு திரித்துக்கொண்டிருந்தாய்.

"மாப்ள, அன்னைக்குக் காதையும் சேத்துல்ல கட்டிப்புட்டேன்."

"ஆமா."

"அங்கனயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன்னையப் பிச்சிருப்பாக. என்னையத்தான் ஏற்கனவே பேசுறாகளே, என்னோட போகட்டும்னு விட்டேன்." பிறகு கேட்டாய், "தெரிஞ்சு கட்டுனியா, தெரியாமக் கட்டுனியா?"

"தெரியாமத்தான் மாப்ள."

உன் கை நின்றது. தலையைச் சாய்த்து என் பக்கம் காதைக் கொடுத்தாய்.

"தம் விட்டுட்ட மச்சான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். மறுபடி திரிக்க ஆரம்பித்துவிட்டாய். நீ கண்ணை மூடுகிற நாள்வரை அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது எழுதுகிறேன். முதல் சுற்றிலேயே உன் காது துண்டுக்குள் போனதைப் பார்த்தேன். விரலை விட்டு மேலே தூக்கியிருந்தால் போதும். தூக்காமல் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். இந்த நாலு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

டீச்சர் பிள்ளைக்கு என்மேல் இன்னொரு சந்தேகம் இருக்கிறது. வலது கையால் எழுதும்போது என் இடது கை இறுக்கி மூடிக்கொள்கிறதாம். "அதுக்குள்ள என்ன தாத்தா வச்சிருக்கீங்க? திறங்க பாப்போம்," என்றது. திறந்து காட்டினேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. நான் கையைத் திரும்ப மூடிக்கொண்டேன், நீ அழுத்துகிறாயா என்று பார்க்க.