மூன்று நாள் கூடுதல்

அன்புள்ள அக்கா,

கோபம் அடங்காமல் எழுதுகிறேன்.

தைபேயில் அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க ஆறு மாதம் தொடர்ந்து இங்கேயே இருக்க வேண்டும். இடையில் ஒரே முறை, முப்பது நாளுக்குள் வெளிநாடு போய்வரலாம். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கெடு இல்லை. வீட்டிலிருந்து மொழிபெயர்க்கும் எனக்குத்தான். அம்மாவைப் பார்க்கக் கொரியாவுக்கு, பூசானில் உன் வீட்டுக்கு வந்து முப்பத்து மூன்று நாள் இருந்துவிட்டேன்.

"மூணு நாள் கூடிப்போச்சும்மா. மறுபடி முதல்லேர்ந்து ஆறு மாசம்," என்றாள் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த பெண்.

"எங்கம்மா காலண்டர் பாத்துட்டா சாவாங்க?" என்று கத்திவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் என் கையிலிருந்த, என் பெயர் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆறு மாசம் தாங்குமா?"

"தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவள் தலை குனிந்தாள், விதி குனியவில்லை. நீ பயப்படாதே, எனக்கு வந்திருப்பது சின்னக் கட்டிதான். புதன்கிழமை கைக்காசிலேயே ஸ்கேன் எடுக்கிறேன்.

"கெடு முடியுது, கிளம்புடி," என்று நீ முப்பதாம் நாளே சொன்னாய். கிளம்பியிருந்தால், அம்மா கடைசியாகக் கண் திறந்தபோது நான் விமானத்தில் இருந்திருப்பேன். எந்த அலுவலகம் கேட்டாலும் அந்த மூன்று நாளைத் திருப்பித் தரமாட்டேன்.

உன் தங்கை