வழக்கு முடிந்துவிட்டது, காக்கா

என் அன்புக்குரிய ஹனிபா காக்கா,

உங்கள் கப்றுக்குழியை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். நேற்று என் வழக்கு முடிந்தது. எனக்கு அண்ணனாக நின்ற உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்கே வந்து சொல்வது?

உங்கள் வலைகளைக் கொளுத்தியவன் நான். அவை என் நினைப்பையெல்லாம் இழுத்தெடுக்கின்றன என்று காதுக்குள் ஒரு குரல் சொன்னது, நம்பினேன். சாய்ந்தமருதுக் கடற்கரையில், பட்டப்பகலில், ஊர் பார்த்திருக்க எரித்தேன். உங்கள் பிள்ளைகளின் சோறு அது. என்னைப் பிடித்து மறியல் சிறையில் போட்டார்கள். அங்கே குரல்கள் இன்னும் கூடின.

அடுத்த தவணைக்கு நீங்கள் நீதிமன்றத்துக்கு வந்தீர்கள். "ஐயா, இவன் கெட்டவனில்ல, சுகமில்லாதவன். இவன் மறியல்ல கிடந்தா என்ட வல திரும்பி வருமா? மருந்து குடுக்கச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போக நான் இருக்கன்" என்றீர்கள். வைத்திய அறிக்கையையும் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும்படி நீதவான் கட்டளையிட்டார்.

அன்றிலிருந்து மாதாமாதம் உங்கள் மோட்டார் சைக்கிளில் கிளினிக் போனோம். ஊசி போட்டு முடியும்வரை வாசலில் காத்திருப்பீர்கள். வலையைப் பற்றி ஒருநாளும் நீங்கள் கதைக்கவில்லை. ஏன் காக்கா? நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன மாதம் நான் கிளினிக் போகவில்லை. குரல் திரும்பி வந்தது. இம்முறை உங்கள் குரலில் வந்தது. விரட்ட மனம் வரவில்லை.

நான் வராததைக் கண்டு, கிளினிக்கின் தாதி ஊசி மருந்தோடு வீடு தேடி வந்தார்.

"ஊசி போட்டா காக்கா போயிருவார், மிஸ்ஸி" என்றேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "காக்கா என்ன சொல்றார்?"

"கடலுக்குள்ள இறங்கி வரச் சொல்றார்."

"உங்கட காக்கா அப்பிடிச் சொல்லுவாரா?"

யோசித்தேன். உங்களை எனக்குத் தெரியும்.

"இல்ல மிஸ்ஸி" என்று ஊசிக்குக் கையை நீட்டினேன்.

சில கிழமைகளில் அந்தக் குரல் தேய்ந்து போனது. உங்களை இரண்டாம் முறை அடக்கியது போலிருந்தது.

நேற்று நீதவான், "கூட ஆர் வந்திருக்காங்க?" என்று கேட்டார். "தனியத்தான் வந்தன், ஐயா" என்றேன். சொன்ன பிறகும் நீங்கள் உட்காரும் பின்வரிசை வாங்கைத் திரும்பிப் பார்த்தேன்.

இனி என்னைக் கட்டாயப்படுத்த எந்தக் கட்டளையும் இல்லை. ஆனாலும் வருகிற மாதமும் பஸ் ஏறிக் கிளினிக் போவேன். அதற்கடுத்த மாதமும் போவேன். உங்கள் குரலைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும் போவேன், காக்கா.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
நவாஸ்