முறை மாற்று

14-3-2021, ஞாயிறு

மோட்டார் கொட்டகையில் இன்று இருந்தவர்கள்: நான். என் மகன் நீலமேகம். அவன் மகன் செல்லத்துரை. பங்காளி வீட்டுப் பஞ்சநாதன், என் கொழுந்தன் மகன். எங்கள் இரண்டு வீட்டு வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற வீரையன். அவன் பெண்சாதி அம்சம். வேறு யாரும் இல்லை. பிற்பாடு யாராவது நானும் இருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

செல்லத்துரை தானே செய்த பெட்டியை ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டினான். போனில் அமுக்கினால் மோட்டார் ஓடும். பூதலூர் ஸ்டேஷனில் நின்று அமுக்கினாலும் ஓடுமாம்.

"அமெரிக்காவுலேருந்து அமுக்கினா, தம்பி?" என்று அம்சம் கேட்டாள்.

"அங்கேருந்தும் ஓடும்க்கா."

"அப்ப அங்கேருந்தே வரப்பையும் வெட்டிடுங்க, நான் படுத்துக்கறேன்" என்றான் வீரையன்.

பஞ்சநாதன்கூடச் சிரித்தான். அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே இடத்தில் நின்று சிரித்து வெகுகாலம் ஆயிற்று. அவன் அப்பா எங்கள் வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டது எமர்ஜென்சி வருஷம், ஆடி மாதம். அந்த ஒரு சாணுக்குத் தஞ்சாவூர் கோர்ட்டு வரை போனோம். நிலம் பிரிந்தது, போர்க்கிணறு மட்டும் பொதுவில் நின்றுவிட்டது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. முறை மாறும்போதெல்லாம் வாய்ச்சண்டை.

இனி எல்லார் போனிலும் அந்த மோட்டார் இருக்கிறது. வீரையன் போனில், பஞ்சநாதன் போனில், நீலமேகம் போனில். என் போனிலும் போட்டான். "நீதான் அப்பாயி என் டெஸ்டர்" என்றான். அப்படியென்றால் தப்புக் கண்டுபிடிக்கிறவளாம். அதற்கு ஆள் சரிதான்.

21-3-2021

சென்னைக் கம்பெனியை மூடிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கொரோனாவில் அனுப்பியதிலிருந்து செல்லத்துரை நெல்லு ரூமில்தான் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் போனை முன்னால் நிறுத்திப் பேசுவான். ஏதாவது ஒரு சாமான் வாங்குவான், கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்பான், மனதில் பட்டதைச் சொல்வான். ஆயிரம் ஆயிரமாய்ப் பார்க்கிறார்களாம்.

இன்று காதில் மாட்டுகிற சாமான். "நேர்மையா சொல்லணும்னா, காதுக்குள்ள கொசு பாடுது. வாங்காதீங்க." போன வாரம் கைக்கடிகாரம். அதைக் கம்பெனிக்காரனே இலவசமாக அனுப்பியிருந்தான், அதையும் வாங்காதீங்க என்றுவிட்டான். நீலமேகம் தலையில் அடித்துக்கொண்டான். "ஓசியில குடுத்தவனையே வையிறியேடா."

"யூஸ் பண்றவன் ஏமாறக்கூடாதுப்பா" என்றான்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வீட்டு ஆம்பளைகள் யாரும் வாழ்நாளில் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

என் கருத்தையும் எழுதி வைக்கிறேன். கடிகாரம் நடந்த நடையை எண்ணுகிறதாம். நடந்தவளுக்குத் தெரியாதா. போனில் கேட்டதற்குப் பதில் சொல்கிற, மோட்டார் ஓடினால் அதையும் சொல்கிற பொம்பளைக் குரல் — தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாள், அந்தமட்டில் நல்லவள். நான் மூணாங்கிளாஸோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். செல்லத்துரை போட்ட மோட்டாரில் எழுத்தெல்லாம் தமிழ். பெரிதாக இருக்கிறது. படிக்க முடிகிறது. நல்ல சாமான்.

2-4-2021

சாயங்காலம் வீரையன் போனைத் தூக்கிக்கொண்டு நெல்லு ரூம் வாசலுக்கு வந்தான்.

"தம்பி, முறை மாத்தறதுக்கும் பட்டன் வச்சிட்டீங்களே. இனிமே முறை முடிஞ்சா பஞ்சநாதன் ஐயா வீடு வரைக்கும் நடக்க வேண்டியதில்ல. இதை அமுக்கினாப் போதும், அவருக்கும் போயிடுது."

செல்லத்துரை காதில் மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டிச் சிரித்தான்.

நானும் என் போனில் பார்த்தேன். கீழே, 'முறை மாற்று' என்று இருக்கிறது. அமுக்கினால் எல்லார் போனிலும் 'முறை மாற்றப்பட்டது' என்று வருகிறது.

9-4-2021

ஒரு வாரமாக இரண்டு வீட்டுக்கும் சண்டையில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் நம்பமாட்டார்கள். வீரையன் முறை மாற்றுகிறான், பஞ்சநாதன் போனைப் பார்த்து மடையைத் திறக்கிறான். நேற்று வழியில் நின்று "பெரியம்மா, சாப்டீங்களா" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். அவன் அப்பாவை மனதில் நினைத்துக்கொண்டே சொன்னேன்.

11-4-2021

சோறு போடும்போது செல்லத்துரை தானாகச் சிரித்தான். என்னடா என்றேன்.

"வீரையண்ணன் செம காமெடி, அப்பாயி. அந்தப் பட்டன் தண்ணி முறைக்கு இல்ல. மோட்டார் ஓடுற முறைக்கு. இங்கிலீஷ்ல மோடுன்னு சொல்லுவோம். தமிழ்ல முறைன்னு போட்டேன். அவரு தண்ணி முறைன்னு நெனச்சு தினம் அமுக்கிட்டிருக்காரு."

"அமுக்கினா என்ன ஆகும்?"

"ஒரு தடவ அமுக்கினா தானியங்கு முறை. கரண்டு போய் வந்தா யாரும் தொடாமலே மோட்டார் ஓடும். இன்னொரு தடவ அமுக்கினா கை முறை. நாமளா போட்டாத்தான் ஓடும்."

அதனால்தானா, போன வாரம் கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடியது. பஞ்சநாதன் போட்டான் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் போட்டோம் என்று அவன் நினைத்திருப்பான்.

"அப்ப அந்த வார்த்தையை மாத்துடா. வீரையங்கிட்ட சொல்லு."

"மாத்திடுவேன். கோயமுத்தூர் கம்பெனிக்காரங்க இந்த மாசம் பாக்க வர்றாங்க. பிடிச்சா வாங்கிக்குவாங்க. அது வரைக்கும் எதையும் தொடக்கூடாது அப்பாயி, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கெடும்."

சரி என்று மோர் ஊற்றினேன்.

28-4-2021

வீரையன் போய்விட்டான்.

29-4-2021

நேற்று விடிகாலைக் காற்றிலும் மழையிலும் கரண்டு போனது. இருபத்துநாலு மணி நேரமும் மும்முனைக் கரண்டு என்று ஒரு கட்சி சொல்லி ஓட்டுக் கேட்டது, நாங்கள் வந்தால் அதைவிட நன்றாகச் செய்வோம் என்று இன்னொரு கட்சி கேட்டது. கரண்டு தன் இஷ்டத்துக்குத்தான் போகிறது.

காலையில் எங்கள் முறை முடிந்தது. வீரையன் போனில் முறையை மாற்றினான். போருக்கு இறங்குகிற ஒயரை எலி கடித்திருந்தது. கரண்டு இல்லாத நேரத்தில் டேப் சுற்றிவிடலாம் என்று போனைத் துண்டில் மடித்து வரப்பில் வைத்துவிட்டுப் போனான். மோட்டாரை யாரும் போடாமல் கரண்டு அந்த ஒயருக்கு வராது என்று அவனுக்குத் தெரியும். அது நிஜமும்தான், கை முறையில் இருந்திருந்தால்.

அம்சம் நாற்றங்காலில் இருந்தாள். துண்டுக்குள்ளிருந்து அந்தப் பொம்பளைக் குரல், 'மோட்டார் இயங்குகிறது' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கரண்டு வந்துவிட்டது, இனித் தண்ணீர் வரும் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். தண்ணீர் வந்தது. அவன் வரவில்லை.

ஐயோ, என்னத்த எழுதுறது. சோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு நான்தான் போயிட்டிருந்தேன். அவ கத்தினது கேட்டுது.

30-4-2021

குடித்திருந்தான் என்று நீலமேகம் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். பெற்ற பிள்ளையை என்ன செய்ய. வீரையன் காளியம்மனுக்குக் கயிறு கட்டிக்கொண்ட நாளிலிருந்து குடித்ததில்லை. கட்டிவிட்ட பூசாரிக்குத் தெரியும். நீலமேகத்துக்கும் தெரியும்.

செல்லத்துரை நெல்லு ரூமை விட்டு வெளியே வரவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. பாவமாக இருந்தது. குழந்தை உடைந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன்.

2-5-2021

ஓட்டு எண்ணிய நாள். ஆட்சி மாறிவிட்டது. தெருவெல்லாம் வெடி. வீரையன் வீட்டில் பால் தெளித்த ஈரம்கூடக் காயவில்லை.

என் போனை எடுத்து மோட்டாரைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. 'முறை மாற்று' என்ற எழுத்து இல்லை. அந்த இடத்தில் 'தானியங்கி இயக்கம்' என்று இருக்கிறது. பக்கத்தில் சிவப்பில் ஒரு அபாயக் குறி. கீழே, 'பழுது பார்க்கும்போது அணைக்கவும்'.

நெல்லு ரூமுக்குப் போனேன். "என்னடா இது?"

"அப்டேட் போட்டிருக்கேன் அப்பாயி."

"எப்ப போட்ட?"

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவன் செத்த அன்னிக்கா, மறுநாளா?"

"நீ போய்ப் படு அப்பாயி."

சோறு தின்னாமல் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தான் என்று இப்போது தெரிகிறது. கோயமுத்தூர்க்காரர்கள் வருவதற்குள் எதையும் தொடக்கூடாது என்றானே. இப்போது தொட்டிருக்கிறானே. கெடவில்லையே.

6-5-2021

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார்கள். கரண்டாபீஸ் அதிகாரி ஒருவர், போலீஸ் ஒருவர். கொட்டகையில் நின்றது நான், நீலமேகம், செல்லத்துரை, பஞ்சநாதன். அம்சத்தை வெளியே வேம்படியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"மோட்டாரை ஆட்டோவுல போட்டது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"இறந்தவர்தான் சார். அவர் போன்லேருந்துதான் போயிருக்கு" என்று செல்லத்துரை தன் போனைக் காட்டினான். "பட்டன்ல தெளிவா போட்டிருக்கு பாருங்க. எச்சரிக்கையும் இருக்கு. அவர் கவனிக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு அப்படி இல்ல சார். முறை மாற்றுன்னு இருந்துச்சு. தண்ணி முறைன்னு நெனச்சு அமுக்கினான். எல்லாருந்தான் நெனச்சோம். இவனுக்கே தெரியும்."

அதிகாரி பஞ்சநாதனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "நான் இங்கிலீஷ்ல வச்சிருக்கேங்க." இங்கிலீஷாம். கையெழுத்துப் போடவே நாக்கைக் கடித்துக்கொள்கிறவன்.

அதிகாரி செல்லத்துரை பக்கம் திரும்பினார். அவன் என் தோளில் கை வைத்தான். கோபப்படவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

"அப்பாயிக்கு வயசாயிடுச்சு சார். இப்பல்லாம் கொஞ்சம் மறதி."

அதிகாரி எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

6-5, மறுபடியும்

எனக்கு மறதியாம்.

நீ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல யார் யார் நின்னாங்க, என்ன சேலை, என்ன வேட்டி, சொல்லவா? உனக்கு மொதல்ல வந்த வார்த்தை எது, எந்த வாசப்படியில உக்காந்து சொன்ன, சொல்லவா? வீட்ல யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு மறக்காதுன்னு உனக்குத் தெரியும். "அப்பாயி ஒரு ஹார்டு டிஸ்க்"னு ஊரெல்லாம் சொன்னவன் நீ. தெரிஞ்சே சொன்ன.

25-5-2021

கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதிவிட்டார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் வந்து போனார்கள். பிடித்துவிட்டதாம்.

13-6-2021

அம்சம் ஊரைவிட்டுப் போகிறாள்.

எங்கள் மேலத்துண்டு வயலை வீரையன் குத்தகைக்குச் செய்துவந்தான், அதற்கு முன் அவன் அப்பன். குத்தகைக்காரர்கள் பேரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் சர்க்கார் சொன்னபோது, பதியப் போனால் மறுநாள் வயலில் கால் வைக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்லித் தடுத்தார். அதனால் காகிதம் எதுவும் இல்லை. இப்போது நீலமேகம், "அவன் தப்பால அவன் செத்தான், நான் என்ன பண்ண. ஆம்பள இல்லாம நீ எப்படி வெள்ளாமை பண்ணுவ" என்று துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். டிராக்டர் விட்டாயிற்று.

போகும்போது கொல்லை வழியாக வந்தாள்.

"அம்மா, அன்னிக்கு முறைய மாத்திட்டுத்தான் போனாரு. நான் பக்கத்துல நின்னேன். வேற எதையாச்சும் தப்பா அமுக்கிட்டாரா?"

உள்ளே செல்லத்துரை போனில் பேசுகிற சத்தம் கேட்டது. அதிகாரி முன்னால் வந்த நாக்கு அவள் முன்னால் வரவில்லை. அவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

4-7-2021

செல்லத்துரை பெங்களூர் போய்விட்டான். காலில் விழுந்தான். ஆசீர்வாதத்துக்கு நான் கையைத் தூக்கவில்லை.

22-8-2021

இன்று திருக்காட்டுப்பள்ளி போனேன். பூதலூர் வந்து பஸ் ஏறினேன். நீலமேகத்திடம் கோயிலுக்கு என்றேன்.

அம்சம் அவள் அண்ணன் இராஜாங்கம் வீட்டில் இருக்கிறாள். வாழைத்தோப்பில் கூலி வேலை. என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். நானே உட்கார்ந்தேன். பட்டனில் என்ன எழுதியிருந்தது, அது எப்போது மாறியது, எல்லாம் சொன்னேன்.

"அப்ப அவரு தப்பா எதையும் அமுக்கல."

"இல்லடி. முறைன்னு இருந்துச்சு. முறையத்தான் மாத்தினான்."

கீரையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். செத்த அன்றுகூட அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. குடிகாரன் பெண்சாதி என்று இத்தனை நாளும் ஊர் பேசியதை எங்கே வைத்திருந்தாளோ.

இராஜாங்கம் விவசாயிகள் சங்கத்து ஆள். மறுவிசாரணை கேட்டுக் கலெக்டருக்கு மனுப் போடலாம், ஆனால் சாட்சி வேண்டும் என்றான்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"உங்களுக்கு மறதின்னு எழுதி வச்சிருக்காங்களே, ஆயா."

"கலெக்டர் வந்து கேக்கட்டும். எந்த வருஷத்தை வேணாலும் கேக்கட்டும்."

அவன் எழுத உட்கார்ந்தான். "வீரையன் அந்தப் பட்டனைத் தப்பா நெனச்சுத்தான் அமுக்குறான்னு முன்னாடியே தெரிஞ்ச ஆள் யாரு? பேரைச் சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். மழை என்று சொல்லலாம். எலி என்று சொல்லலாம். கம்பெனிக்காரன் என்று சொல்லலாம். அம்சம் முந்தானையை எடுத்துவிட்டு என் வாயையே பார்த்தாள்.

சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். வரும்போது அம்சம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள்.

பஞ்சநாதன் அப்பாவை இன்றைக்கு விட்டுவிட்டேன், ஒரு சாண் வரப்புதானே. பஞ்சநாதன் பயந்தவன். நீலமேகத்துக்கு மண்ணாசை, அவன் அப்பனுக்கு இருந்தது, அதையும் என்றாவது விடுவேன். ஒருவனை மட்டும் விடமாட்டேன், செத்தாலும். தூக்கி வளர்த்த கை இது, இதே கையால்தான் அந்தப் பேரை எழுதுகிறேன்.

செல்லத்துரை.